பிசியும் இருபது வினாவும்

பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் கூடுமிடங்களில் அடிக்கடி எழும் மனக்குறை ஒன்றுண்டு. நம் பிள்ளைகளுக்கு விடுகதை தெரியவில்லை என்பதே அது. அதற்கு மாறாக அவர்கள் ஆங்கில விளையாட்டொன்றை ஆடுகின்றனர். ஒருவர் ஏதேனும் ஒரு பொருளை மனத்துள் ஒளித்துக்கொள்வார்; மற்றவர் வினவுவர்; ஒளித்தவர் 'எஸ்' என்றோ 'நோ' என்றோ மட்டுமே விடையிறுக்கலாம்; இருபது வினாக்களுக்குள் பொருளைக் கண்டுவிட்டால் வினவியவர் வென்றார். 'உவமை இல்லை, ஓசை இல்லை, ஒரு நயமும் இல்லை. இதுவும் ஒரு விளையாட்டா?' என்று பெரியோர் சலித்துக்கொள்கின்றனர். அச்சலிப்பு முற்றிலும் பொருளற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், இரண்டையும் நிறுத்துப் பார்த்த பின்னரன்றோ தீர்ப்புக் கூறுதல் வேண்டும்? அந்த நிறுவையே இக்கட்டுரை.

விடுகதையின் பழமையைப் பற்றி ஐயமே இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அடிவரையறை இல்லாதன என்று அறுவகை யாப்புகளைச் சொல்லும்பொழுது, நூல், உரை, முதுமொழி, மந்திரம், குறிப்புமொழி ஆகியவற்றோடு பிசியையும் ஒன்றாக வைக்கிறது. பாமர மக்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், மந்திரத்துக்கும் முதுமொழிக்கும் அருகில் இருக்கை தந்த ஆசிரியரின் பெருந்தன்மை எண்ணத்தக்கது. பிசி இருவகைப்படும் என்பார் அவர். ஒன்று, ஒப்புமையால் உணர்த்துவது. மற்றொன்று, தோன்றுகின்ற தன்மைகளைச் சொல்லிக் கேட்போரைப் பொருள் துணியச் செய்வது. பிறையைக் கவ்விக்கொண்டு மலையொன்று நடந்து போவதாகச் சொல்லி, யானையையும் அதன் தந்தத்தையும் கருதவைக்கும் எடுத்துக்காட்டைப் பழைய உரையில் காண்கிறோம். பிற்காலத்தே இதனை விடுகதை என்றும், அழிப்பாங்கதை என்றும், புதிர் என்றும் வழங்கினர். ஈழத்தார் நொடி என்பர். நம் அண்டை வீட்டுக் கன்னடத்தார் ஒகட்டு என்பர். மலையாளத்தார் கடங்கதை என்பர். பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லிச் செல்ல விரும்புகிறோம். அல்சூர் ஏரிக்கு அருகே திருவள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை பதினெட்டு ஆண்டுகள் துணி போர்த்தப்பட்டே நின்றது. போர்வைக்குள் இருப்பது இன்னது என்று ஊரார் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் அது மறைபொருளாகவே நின்றது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. அதே மாதம் 13 அன்று சென்னை அயனாவரத்தில் கன்னடப் பெருங்கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அந்தச் சர்வக்ஞர் தம் மூவடிப் பாக்களான திரிபதிகளில் ஒகட்டுகள் பலவற்றை இயற்றியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வள்ளுவருக்கு ஈடாகச் சென்னைக்குச் சென்றவர் ஒரு விடுகதைக் கவிஞரும் ஆவார்.

இனி, விடுகதையின் அமைப்பை நோக்குவோம். விடுகதையில் பேசுபவர் ஒளிப்பவரே. அவர் ஒருமுறை பேசுகிறார், அழகாகப் பேசுகிறார், பேசி முடித்ததும் அவர் பணி முடிந்தது. கேட்பவர் எண்ணுகிறார், தலையைச் சொறிகிறார், இறுதியில் ஒரு சொல்லை விடையாகச் சொல்கிறார். அல்லது தோற்றேன் என்கிறார். கம்பருக்கும் ஔவைக்கும் நடந்ததாக வழங்கும் செவிவழிக் கதையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காம்பும் நான்கு இலையும் உடைய ஒன்றைக் குறிப்பிட்டுக் கம்பர் மதிப்புக் குறைவாக விளிக்க, ஔவை 'ஆரை' என்னும் கீரையின் பெயரையும், 'யாரைப் பார்த்துச் சொன்னாய்' என்னும் சினத்தையும் ஒரே சொல்லில் அடக்கி விடையிறுத்தார் என்பது கதை. வரலாற்றுக்கு அது நில்லாது, கலைக்கு நிற்கும். ஏனெனில் அங்கே விடை சொல்பவரும் மொழியை ஆள்கிறார். ஆனால் எல்லா விடுகதைக்கும் ஔவையே விடை சொல்ல வருவதில்லை. பெரும்பாலான விடுகதைகளில் கேட்பவரின் பங்கு ஒரே ஒரு பெயர்ச்சொல். அந்தப் பெயர்ச்சொல்லையும் முன்பே மனப்பாடம் செய்து வைத்திருப்பவரே அதை உடனே சொல்வார். மனப்பாடத்தால் வந்த விடைக்கும் சிந்தனையால் வந்த விடைக்கும் வேறுபாடு காண வழியே இல்லை. விழாப் போட்டிகளில் அச்சிட்ட விடுகதைச் சிறுநூலைப் பார்த்து நடுவர் படிக்க, அதே நூலைப் படித்துவந்த பிள்ளை பரிசு பெறுவதை நாம் காண்கிறோம். அது விடுகதையின் குற்றமன்று. வாயிலே வாழ வேண்டியதை விடையோடு சேர்த்து அச்சிட்டு, பக்கத்தின் அடியில் தலைகீழாகக் கட்டம் கட்டியவர்களின் குற்றம்.

மற்றொரு தடையும் உண்டு, அதுவே பெருந்தடை. விடுகதை பொருள்களை நம்பி வாழ்வது. ஊசியும் நுழையாத கிணற்றில் நீர் நிரம்பியிருப்பதாகச் சொன்னால் பெங்களூருப் பிள்ளையும் இளநீரைக் கண்டுகொள்ளும். தெருமுனையில் அது விற்கிறது. ஆனால் ஏற்றத்தையும், செக்கையும், குதிரையும் (நெல் கொட்டும் குதிரை, ஓடும் குதிரையை அன்று) மறைத்து வைத்த விடுகதைகளை என் செய்வது? விடையைச் சொன்ன பிறகும் அப்பிள்ளைக்கு விடை ஒரு புதிராகவே நிற்கிறது. பாட்டி விடையை விளக்க, விளக்கத்தை அம்மா ஆங்கிலத்தில் பெயர்க்க, அதற்குள் விளையாட்டின் உயிர் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாததால் விடுகதை அழிகிறது என்பது பாதி உண்மைதான். அந்த உழவுமனையின் பொருள்கள் அடுக்குமாடி வீட்டில் இல்லாமையால் அழிகிறது என்பது மற்றப் பாதி.

வினா விளையாட்டு அவ்வாறு எப்பொருளையும் நம்பியிருப்பதில்லை. சமையல் எரிவாயு உருளையையும் ஒளிக்கலாம். மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டையும் ஒளிக்கலாம். ஊரிலுள்ள தாத்தாவின் மூக்குக்கண்ணாடியையும் ஒளிக்கலாம். ஆங்கிலேயர் வீட்டுக்கூடங்களில் இது நெடுநாள் ஆடப்பட்டது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கரோலில் கஞ்சனாகிய ஸ்க்ரூஜின் மருமகன் விருந்தினரோடு இதனையே ஆடுகிறான். தான் ஒளித்திருப்பது உயிருள்ள ஒரு விலங்கு, முரட்டு விலங்கு, உறுமும், சிலபோது பேசும், இலண்டனில் வாழும் என்றெல்லாம் ஒப்புக்கொள்கிறான். குதிரையா, கழுதையா, புலியா, நாயா, கரடியா என்றால் மறுக்கிறான். இறுதியில் ஒருத்தி கண்டுபிடிக்கிறாள்: அது அவனுடைய தாய்மாமனாகிய ஸ்க்ரூஜே. ஒரு மனிதனின் குணத்தை வருணனை ஒன்றுமின்றி, மறுப்புகளை மட்டும் அடுக்கிக் காட்டிய அப்பகுதியை வெறும் விளையாட்டு என்று தள்ள முடியுமா? பின்னர் இது வானொலிக்கும் சென்றது. அமெரிக்காவில் 1946-இலும், பி.பி.சி.யில் 1947-இலும் தொடங்கியது, பி.பி.சி. அதனை 1976 வரை நடத்தியது. எண்ணிக்கையும் வியப்புக்குரியதே. ஒவ்வொரு விடையும் மீந்திருப்பவற்றைச் சரிபாதியாகப் பிளக்குமானால், இருபது வினாக்களால் 10,48,576 பொருள்களுள் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்துவிடலாம். செய்தியின் அளவையே இத்தகைய இருநிலை விடைகளால் அளக்கலாம் என்பதை 1948-இல் கிளாட் ஷானன் என்னும் அறிஞர் கணக்கியலாக நிறுவினார். இன்றைய கணிப்பொறியும் கைப்பேசியும் அந்த அளவையின் மேல் நிற்பனவே.

இருபது வினா விளையாட்டு தொல்காப்பியத்திலேயே உண்டு என்று நாம் சொல்லப் புகவில்லை. அவ்வாறு சொல்வது நம் மேடைகளில் எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இருநிலை விடையால் மறைபொருள் காணும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதை மட்டும் காட்டலாம். கைக்குள் புளியங்கொட்டையை மூடி ஒற்றையா இரட்டையா என்று கேட்பது சிறுவர் விளையாட்டு. வெள்ளைப்பூவும் செம்பூவும் பொட்டலங்களாகக் கட்டித் தெய்வத்தின் முன் இட்டு, ஒன்றை எடுத்து இசைவறிவது பெரியவர் வழக்கம். எல்லாவற்றினும் இனியது மற்றொன்று. கணவன் பெயரைச் சொல்லாத பழைய தலைமுறைப் பெண்களிடம் அரசு அலுவலர் பெயர் கேட்டு வந்தால் என்ன நடந்தது? 'முருகனா? கந்தனா? வேலாயுதமா?' என்று அவர் அடுக்க, அந்த அம்மையார் தலையை அசைத்து அசைத்து அவரைச் சரியான பெயருக்கு அழைத்துச் செல்வார். மலைமேல் இருக்கும் சாமி என்று ஒரு குறிப்பும் தருவார், அது பிசி. தலையசைப்பு வினா விளையாட்டு. இரண்டும் ஒரே திண்ணையில் நடந்தன.

இனி இலக்கணத்துக்கு வருவோம். இங்கேதான் நம் கட்டுரையின் கருத்து இருக்கிறது. நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார்: சுட்டல், மறுத்தல், நேர்தல், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன. முதல் மூன்றும் நேரான விடைகள். மற்றை ஐந்தும் விடையை உள்ளடக்கிச் சுற்றி வருவன. இவ்விளையாட்டின் விதி, எட்டில் ஆறைத் தடுத்து நேர்தலையும் மறுத்தலையும் மட்டும் விட்டுவைக்கிறது என்று சொல்லலாம். (நன்னூலைப் பவணந்தியாரைக்கொண்டு செய்வித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன், குவளாலபுரம் எனப்பட்ட கோலாரின் தலைவன் என்பதைத் தன் பட்டப்பெயராகக் கொண்டவன். 2001-இல் மூடப்பட்ட தங்கவயல் சுரங்கங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாய் இறங்கி உழைத்த அதே கோலார்தான். கருநாட்டில் வாழும் தமிழருக்கு நன்னூல் அத்துணைத் தொலைவான நூலன்று.)

எனில், எட்டு இரண்டாகக் குறைந்தது வறுமைதானே என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் ஆடினால் வறுமைதான். தமிழில் ஆடிப் பார்க்கவேண்டும். 'பறக்குமா?' என்ற வினாவுக்குத் தமிழன் 'எஸ்' என்பதற்கு ஈடான ஒரு சொல்லைத் தேடுவதில்லை. 'பறக்கும்' என்கிறான், அல்லது 'பறக்காது' என்கிறான். 'வால் உண்டா?' எனில் 'உண்டு', 'இல்லை'. 'பழமா?' எனில் 'ஆம்', 'அன்று'. நேர்தலும் மறுத்தலும் தமிழில் பெரும்பாலும் வினையாகவே வருகின்றன. விடை கூறும் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒரு வினைச்சொல்லை உடன்பாட்டிலிருந்து எதிர்மறைக்கு மாற்றியாக வேண்டும். கடிக்கும், கடிக்காது, உடையும், உடையாது, வேகும், வேகாது. பள்ளிக்கூடத்து வாய்பாட்டில் அரைநாள் உழைத்தும் வராத பயிற்சி, விளையாட்டில் கால்நாழிகைக்குள் வந்துவிடுகிறது.

இதனினும் நுண்ணியது மறுப்பின் வகை. தொல்காப்பியர் குறிப்புவினையைக் கூறுமிடத்து அன்மை, இன்மை, உண்மை என்பவற்றைத் தனித்தனியே எண்ணுகிறார். இன்மை என்பது ஒன்று இல்லாதிருத்தல். அன்மை என்பது ஒன்று மற்றொன்றாக இல்லாதிருத்தல். (உண்மை என்பதற்கு அங்கே உளதாதல் என்பதே பொருள், வாய்மை என்னும் பொருள் பின்னர் ஏறியது.) ஆங்கிலத்து 'நோ' இந்த இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. நம் பேச்சுத் தமிழும் இன்று பெரும்பாலும் அவ்வாறே செய்கிறது. 'பழம் இல்லை' என்றால் பழம் கூடையில் இல்லையா, கையிலிருப்பது பழமே அல்லவா என்பதை இடம் நோக்கி ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பெங்களூருத் தெருவில் இறங்கிப் பாருங்கள். காய்கறி விற்கும் கன்னட அம்மையாரிடம் ஒரு காயைக் காட்டி, அது இன்னதுதானா என்று கேட்டால் 'அல்ல' என்பார். அந்தக் காய் இருக்கிறதா என்று கேட்டால் 'இல்ல' என்பார். ஒருபோதும் மாற்றிச் சொல்லமாட்டார். நாம் ஏட்டில் வைத்துப் பூட்டிவிட்ட வேறுபாட்டை உடன்பிறந்த மொழி சந்தையில் வைத்துக் காப்பாற்றுகிறது. கன்னடச் சூழலில் வளர்வதால் பிள்ளைகளின் தமிழ் கெடுகிறது என்று வருந்துவோர் இவ்வொன்றையும் கணக்கில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

திணையும் பாலும் தரும் வேடிக்கை வேறு. செம்மையான தமிழில் மறுப்புச் சொல்லே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என ஐந்துக்கும் ஐம்பால். 'அரசனா?' என்று கேட்டவனுக்கு 'அல்லள்' என்று விடையிறுத்தால், ஒரு வினாவுக்கு மூன்று செய்திகளைக் கொடுத்தாயிற்று: அரசன் என்பது தவறு, ஒளிந்திருப்பது உயர்திணை, அதிலும் பெண்பால். டிக்கன்ஸின் விருந்தில் கரடியா என்று கேட்டபொழுது அந்த மருமகன் 'அல்லர்' என்றிருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும். ஆகையால் ஒளிப்பவருக்கு எல்லாவற்றையும் மூடும் 'இல்லை'தான் வசதி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பியம் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. தொலைவில் ஒன்று தோன்றுகிறது. மரக்கட்டையா மனிதனா என்று தெரியவில்லை. அப்பொழுது எவ்வாறு பேசுவது? திணை துணியாதவிடத்து 'உருவு' என்ற பொதுச்சொல்லால் சொல்லலாம் என்கிறது கிளவியாக்கம். ஆணோ பெண்ணோ என்று ஐயமுற்றால் பன்மையால் சொல்லவேண்டும் என்கிறது. ஐயம் தீர்ந்தபின் அன்மைச்சொல்லை எங்கே சேர்ப்பது என்பதற்கும் தனி விதி வைக்கிறது. ஐயத்தைப் பிழையில்லாமல் பேசுவதற்கு விதி வகுத்த இலக்கணம் இது. மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவுயிர், எறும்பும் சிதலும் மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நாலறிவுயிர் என ஏறிச்செல்லும் படிவரிசை, ஆங்கிலேயர் தொடக்கத்தில் கேட்கும் 'விலங்கா, தாவரமா, கனிமமா' என்பதைவிட விளையாட்டுக்குப் பொருத்தமானது. 'மூவறிவுக்கு மேலா?' என்று ஒரு பிள்ளை கேட்குமானால் உயிருலகம் இரண்டாகப் பிளந்துவிடும்.

முருகன் ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அந்த வினாவுக்கு ஆம் என்றும் விடை இல்லை, இல்லை என்றும் விடை இல்லை. ஔவை தோற்றதே அங்கேதான்.

இவ்வளவும் சொன்னது விளையாட்டின் பெருமை பேசுவதற்காக அன்று. நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதை எண்ணியே சொன்னோம். தந்தை எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற ஆலையொன்றில் வேலைக்கு வந்தவராகவோ, அண்மையில் கணிப்பொறிப் பணிக்கு வந்தவராகவோ இருக்கலாம். அவர் மாலையில் வந்து கேட்கிறார்: 'சாப்பிட்டாயா?' – 'எஸ்.' 'வீட்டுப்பாடம் முடிந்ததா?' – 'நோ.' 'பாட்டியிடம் பேசினாயா?' – 'எஸ்.' வினவுவதெல்லாம் பெரியவர், விடையிறுப்பதெல்லாம் பிள்ளை. புலம்பெயர்ந்த குடும்பத்தின் உரையாடலே ஒரு வினா விளையாட்டாகிவிட்டது; அதில் தமிழ் முழுவதும் ஒரு பக்கத்தே நிற்கிறது. பிள்ளைக்குத் தமிழ் புரிகிறது. அதனால் பெற்றோர் அமைதி கொள்கின்றனர். ஆனால் அப்பிள்ளை ஆண்டு முழுவதும் தமிழில் ஒரு வினாவும் எழுப்பியதில்லை. விடுகதை இந்நிலையை மாற்றாது. அங்கும் பேசுபவர் பாட்டிதான், பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். வினா விளையாட்டு மாற்றும். அங்கே பாட்டி ஒளிக்கட்டும். பிள்ளை இருபது வாக்கியங்களைத் தன் வாயாலே தமிழில் ஆக்கியாக வேண்டும். ஒன்று தவறினால் அடுத்தது. அதுவும் தவறினால் அதற்கடுத்தது. திருவிளையாடல் திரைப்படத்தில் (1965) தருமி, தனக்குக் கேட்க மட்டுமே தெரியும் என்று தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார். விடை சொல்பவர் இறைவனாகவே இருக்கிறார். கேட்பதை எளிது என்று கருதிய அந்த நகைச்சுவையை நாம் வீட்டிலும் நம்பிவிட்டோம்.

ஆகவே விடுகதையைத் துரத்திவிட்டு இதனை வைக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. பாட்டி முதலில் ஒரு பிசியைச் சொல்லட்டும். பிள்ளை விடை தெரியாமல் நின்றால், 'தோற்றேன்' என்று சொல்லவிடாமல், வினவவிடட்டும். மாடியில்லா வீட்டில் நின்ற குதிரைப் பெங்களூருப் பிள்ளை கண்டதில்லை. 'மண்ணால் ஆனதா?' 'ஆம்.' 'அதில் நீர் இருக்குமா?' 'இருக்காது.' 'அடுப்பில் வைப்பார்களா?' 'வைக்கமாட்டார்கள்.' 'என்னைவிட உயரமா?' 'உயரம்தான்.' ஆறேழு வினாக்களில் பெயர் தெரியாவிட்டாலும் பொருளின் உருவம் அப்பிள்ளையின் மனத்தில் எழுந்து நின்றுவிடும். பெயரைப் பிறகு சொன்னால் போதும். 1964 முதல் ஓடிவரும் பிருந்தாவன் விரைவு வண்டியில் விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்களுக்குப் பங்காருப்பேட்டைக்கும் காட்பாடிக்கும் இடையே இதற்கு வேண்டிய பொழுது தாராளமாக இருக்கிறது.

சங்கத்தின் ஆண்டுவிழாவிலும் இதற்கு அரைமணி ஒதுக்கலாம். விதி மூன்று போதும்: வினா முழு வாக்கியமாக இருத்தல் வேண்டும், விடை வினைச்சொல்லாக வருதல் வேண்டும், 'அன்று' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'இல்லை' என்பவர் எதிரணிக்கு ஒரு வினாவைக் கூடுதலாகக் கொடுத்தல் வேண்டும். கடைசி விதியில் பெற்றோர் அணி திணறும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்த பிள்ளைகள் திணறமாட்டார்கள்; 'அல்ல'வையும் 'இல்ல'வையும் தெருவிலேயே கேட்டு வளர்ந்தவர்களாயிற்றே.